அத்தானுக்கு ஒரு பத்திரிகை

ஆவணி 5, வியாழன்

இன்று காலை ஆறரை மணிக்கு எங்கள் டிராவல்ஸின் தலைமை வாகனத்தில் சாத்தான்குளத்தை விட்டுப் புறப்பட்டேன். டிராவல்ஸில் மொத்தம் ஒரே வண்டிதான். அது ஓர் ஆம்னி வேன். என்றாலும் தலைமை வாகனம் என்று ஒன்று இருந்தால்தான் கம்பெனிக்கு மரியாதை. பின்சீட்டைக் கழற்றி மெத்தை விரித்திருக்கிறேன். ஆறு நாளும் படுக்கை அதில்தான். நான் படுத்தால் லாட்ஜ்காரர்கள் சொந்த அறையை ஒழித்துக் கொடுப்பார்கள், ஆனால் எனக்குக் காற்று வேண்டும்.

எட்டாம் வகுப்பைப் பாதியில் விட்டவன் டைரி எழுதலாமா என்று கேட்பவர்கள் கேட்கட்டும். உரக்கடையில் கொடுத்த டைரி சும்மா கிடக்கிறது. பெரிய மனிதர்கள் பயணத்தில் எழுதுவது வழக்கம்.

வேலை இதுதான். என் அக்கா ராசகனியின் மகள் சுபாவுக்கு வருகிற பன்னிரண்டாம் தேதி கல்யாணம். தாய்மாமன் நான். சுபாவின் அப்பா, அதாவது என் அத்தான் அய்யாக்குட்டி, பதினோரு வருடத்துக்கு முன்னால் வீட்டை விட்டுப் போனவர். வருடத்துக்கு ஒருமுறை நான்தான் கிழக்குக் கடற்கரைப் பக்கம் போய் அவரைப் பார்த்துவிட்டு வந்து அக்காவிடம் தகவல் சொல்கிறேன். நேற்று அக்கா மஞ்சள் தடவிய பத்திரிகை ஒன்றைக் கையில் கொடுத்தாள். மேலே ‘சுபா அப்பாவுக்கு’ என்று தானே எழுதியிருந்தாள்.

“ஏலே தவசி, இத்தன வருசமா நீ போயிப் பார்த்துட்டு வந்து சொன்ன, நான் கேட்டேன். இந்தத் தடவ சொல்ல வேண்டாம். கூட்டிட்டு வா. அவிய வரலன்னா நான் மணவறைப் பக்கமே ஏற மாட்டேன். மாப்பிள்ள வீட்டுக்காரங்க கேட்டா நீயே பதில் சொல்லிக்கோ.”

“கையோட கூட்டிட்டு வாரேங்க்கா. நான் கூப்பிட்டு வராத ஆளு உண்டா?”

“உண்டுலே. அவிய ஒருத்தருதான்.”

தூத்துக்குடி தாண்டி, வேம்பார் பக்கம் சாலையோரப் புளியமரத்தடியில் நிறுத்தியிருக்கிறேன். பக்கத்தில் நின்ற லாரி டிரைவர் தன் சோற்றில் பாதியைக் கொடுத்தார். இந்த ஆம்னியில் காஷ்மீர் வரை போய்ப் பனியில் படுத்ததை அவருக்கு விவரமாகச் சொன்னேன். இதற்கு முன் கன்னியாகுமரிக்கு மேல் இது எந்தப் பக்கமும் போனதில்லை என்பதை அவருக்குச் சொல்லவேண்டிய அவசியம் இல்லை.

ஆவணி 6, வெள்ளி

என் திட்டத்தை இங்கே எழுதலாம். இதை யாரும் படிக்கப் போவதில்லை. ஆறு நாள் ஊர் ஊராகச் சுற்றுவேன். ஏழாம் நாள் போய், “அத்தான் மலேசியாவுக்குக் கப்பல் ஏறிட்டாருக்கா, ரெண்டு நாள்ல ஆளைத் தவற விட்டுட்டேன்” என்பேன். அக்கா அழுவாள், பிறகு மணவறை ஏறுவாள். நான் சொன்னதை அக்கா நம்பாமல் இருந்ததே இல்லை.

ஆனால் தேடுகிற சத்தமாவது போனில் கேட்க வேண்டும். சாயல்குடி தாண்டி ஒரு டீக்கடை. நடத்துவது பூமயில் என்ற பெண். நல்ல மனுஷி. நான் குளிக்க அடிபம்பு காட்டி, துவைத்த துணி காயப்போடக் கயிறும் கட்டிக் கொடுத்தாள். அத்தான் போட்டோவைக் காட்டி, “எங்கக்கா போன்ல இருக்கு. இந்த ஆளைப் பார்க்கலன்னு ஒரு வார்த்தை சொல்லும்மா” என்றேன்.

அவள் போட்டோவைப் பார்த்தாள், போனை வாங்கினாள். “பார்த்தேனேக்கா! நேத்துக் காலையில கூட இங்கதான் உட்கார்ந்திருந்தாக. நல்லாத்தான் இருக்காக. கவலைப்படாதீக” என்றாள்.

எனக்கு மெய்சிலிர்த்துவிட்டது. பொய் சொல்வதில் இந்த ஜில்லாவில் என்னை மிஞ்ச ஆள் இல்லை என்றல்லவா இருந்தேன்! போனை வாங்கி வைத்ததும், “நல்லா அளக்குறியேம்மா” என்றேன்.

“எதைண்ணே?”

“எங்க அத்தானைப் பார்த்ததா.”

“அளக்குறேனா? இதா, இந்த பெஞ்சுல. பால் போடாம காப்பி கேட்டாக. சிரிச்சா மட்டும் வாயை மூடிக்கிறாக, முன் பல்லு இல்லைல்ல.”

பல் விஷயம் எனக்கும் அக்காவுக்கும் மட்டும் தெரிந்தது. பத்து வருடத்துக்கு முன்னால் அக்காவிடம் நான்தான் சொன்னேன். பால் இல்லாத காப்பியும் நான் சொன்னதே. போனில் அக்கா கேட்டிருப்பாள், இவள் அதைப் பிடித்துக்கொண்டிருப்பாள். பெண்கள் ஒரு நிமிடத்தில் எவ்வளவோ பேசிவிடுவார்கள். கெட்டிக்காரி.

அந்த பெஞ்சில் நான் உட்காரவில்லை. நின்றுகொண்டே டீ குடித்தேன். நிற்பது உடம்புக்கு நல்லது.

ஆவணி 7, சனி

மழை. நாள் முழுக்க வண்டிக்குள் இருந்தேன். விடிந்ததும் பார்த்தால் பக்கத்துக் கண்ணாடியில் வெளியிலிருந்து ஒரு கை வைத்த தடம், உப்புப் பூத்து. கடற்காற்று அப்படித்தான் பண்ணும்.

ஆவணி 8, ஞாயிறு

ராமநாதபுரம் தாண்டி ஓர் உப்பளத்து ஓரம் காலை எட்டு மணிக்கு வண்டியை நிறுத்தினேன். வண்டியின் சத்தம் அடங்குவதற்குள் ஒரு புருஷனும் பெண்டாட்டியும் உப்பு வரப்பில் சிரித்துக்கொண்டே வந்தார்கள். காசிலிங்கம், வெள்ளையம்மா என்று பெயர் சொன்னார்கள். நான் இன்னும் போட்டோவை எடுக்கவே இல்லை.

“வாங்க வாங்க. நேத்தே வருவீகன்னு பார்த்தோம். மழையில மாட்டிக்கிட்டீகளா?” என்றார் காசிலிங்கம்.

“என்னையா? ஆள் மாறிப் பேசுறீங்க.”

“வெள்ளை வண்டி, நெத்தியில சந்தனம், நாலு வார்த்தைக்கு ஒருக்க தன்னைப் பத்திச் சொல்லுவாப்ல. உங்க அத்தான்தான் அடையாளம் சொல்லிட்டுப் போனாக” என்றாள் வெள்ளையம்மா. இருவரும் சிரித்தார்கள். கிண்டல்தான், ஆனால் அவ்வளவு பிரியம் அதில்.

எனக்கென்று மீன் குழம்பு வைத்திருந்தார்கள். சாப்பிடாமல் விட மாட்டோம் என்றுவிட்டார்கள். என் வாழ்நாளில் நூறு கல்யாணத்தில் சாப்பிட்டிருக்கிறேன், இந்தக் குழம்புக்கு எதுவும் ஈடில்லை. ஆனால் பாதியில் கை கழுவிவிட்டேன்.

“இடது காலைக் கொஞ்சம் இழுத்துத்தான் நடக்கிறாக. உப்பு மூட்டை விழுந்துச்சாமே” என்றார் காசிலிங்கம்.

அந்த மூட்டையை அவர் காலில் போட்டதும் நான்தான். ஒரு தீபாவளிக்கு, அவர் ஏன் ஊருக்கு வரவில்லை என்று அக்கா கேட்டபோது, கைவசம் வேறு காரணம் இல்லாமல் போட்டேன். இந்த ஊருக்குள் அக்காவின் போன் வரவில்லை. இவர்களிடம் யாரும் எதுவும் சொல்லியிருக்க முடியாது.

“இப்ப எங்க இருக்கார்?”

“வடக்கதான். கடற்கரையில இருப்பேன், தவசி வந்து கூப்பிடட்டும்னு சொன்னாக.” ஊர்ப் பெயரையும் சொன்னார்.

அந்தப் பெயரை நான் இங்கே எழுத மாட்டேன். மீமிசலுக்கும் அப்பால் இருக்கிறது. அந்த ஊரைப் பற்றி நான் யாரிடமும், அக்காவிடம்கூட, ஒரு வார்த்தையும் பேசியதில்லை.

மத்தியானம். வண்டிக்குள் உட்கார்ந்து எழுதுகிறேன். நடந்தது நடந்தபடி ஒரு தடவை எழுதிப் பார்க்கிறேன். எனக்குப் பழக்கமில்லாத வேலை.

பதினோரு வருடத்துக்கு முன்னால் அத்தானைத் தேடிப் போனேன். அந்த ஊர் ஆஸ்பத்திரியில் வராண்டாக் கட்டிலில் கிடந்தார். காய்ச்சல், மூளைக்கு ஏறிவிட்டது என்றார்கள். என்னைப் பார்த்தார், அடையாளம் தெரியவில்லை. இரண்டாம் நாள் விடியும்போது போய்விட்டார். அவருக்கு ஆண்பிள்ளை இல்லை. நானே கொள்ளி வைத்தேன், நானே சாம்பலைக் கடலில் கரைத்தேன். அக்காவிடம் சொல்லத்தான் ஊருக்கு வந்தேன்.

வாசலில் மைக் செட். சுபா பெரியவளாகியிருந்தாள், அன்று சடங்கு. அக்கா தலை நிறையப் பூ வைத்துக்கொண்டு, கையில் தட்டோடு நின்றாள். “பார்த்தியாலே?” என்றாள். “பார்த்தேன்” என்றேன். அது உண்மை. “நல்லா இருக்காவளா?” என்றாள். அந்தப் பூவையும் பொட்டையும் பார்த்துக்கொண்டு நான் என்ன சொல்ல? “நல்லா இருக்காருக்கா” என்றேன். சடங்கு முடிந்ததும் சொல்லலாம் என்றிருந்தேன்.

ஒரு பொய்யை எங்கே நிறுத்துவது என்று எனக்குத் தெரியாது. அடுத்த வருடம் பல்லைப் பிடுங்கினேன். அதற்கடுத்த வருடம் காலில் மூட்டையைப் போட்டேன்.

ஆவணி 9, திங்கள்

போகாமல் திரும்பியிருக்கலாம். திரும்பவில்லை. பயந்தவன் என்று பெயர் வாங்குகிற குடும்பமில்லை எங்களுடையது என்று எழுத நினைத்தேன். உண்மையில், பின்னால் திரும்பிப் போகத்தான் பயமாக இருந்தது.

சாயங்காலம் நாலரைக்கு அந்தக் கடற்கரையில் வண்டியை நிறுத்தினேன். கரையில் ஏற்றிவைத்த வள்ளத்துக்குத் தார் பூசிக்கொண்டிருந்தார் ஒரு பெரியவர், பெயர் மீரான். “வண்டியிலேயே படுக்கையா? தாராளமாப் படுங்க. மணல்ல சக்கரம் புதையும், இந்தப் பலகை மேல ஏத்திக்குங்க” என்று தானே பலகையைத் தூக்கிப் போட்டார். பிளாஸ்கிலிருந்து டீ ஊற்றிக் கொடுத்தார். எத்தனை நல்ல மனிதர்கள் இந்தச் சாலை முழுக்க! ஒருவர் கடுகடுவென்று இருந்திருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் தைரியம் வந்திருக்கும்.

“யாரையாச்சும் தேடி வந்தீங்களா?” என்றார்.

“இல்லை.”

“கேட்டேன். தெனம் சாயங்காலம் ஒரு ஆள் வந்து அந்த ஓரத்துல உட்காருவாரு. மக கல்யாணமாம். ‘மொறையா வந்து யாரும் கூப்பிடல, எப்படிப் போறது?’ம்பாரு. பாவமா இருக்கும்.”

அவர் கை காட்டிய ஓரம் எனக்குத் தெரியும். சாம்பலைக் கரைக்க இறங்கிய இடம்.

அப்போது எனக்கு ஒன்று தோன்றியது. வீட்டுக் கல்யாணம் என்றால் முதல் பத்திரிகையைக் குலதெய்வத்துக்கு வைக்கிறோம். கேட்காத சாமிக்கே வைக்கும்போது இவருக்கு வைத்தால் என்ன? மனசு ஆறும், ஊருக்குப் போய் மலேசியாக் கதையைச் சொல்ல ஒரு தெம்பும் வரும். வண்டியில் தட்டு இருந்தது. வெற்றிலை, பாக்கு, பழம், மேலே அக்கா எழுதிய பத்திரிகை. ஈர மணலில் வைத்துவிட்டு, வேட்டியை இறக்கிவிட்டு, கண்ணை மூடிக் கும்பிட்டு நின்றேன். வாய் தன்னால் பேசியது. இந்தக் கல்யாணத்துக்கு நூறு வீட்டில் பத்திரிகை வைத்துச் சொல்லிச் சொல்லிப் பழகிய வாய்.

“அத்தான், வர்ற வியாழக்கிழம காலையில ஒம்பது மணிக்கு மேல பத்தரைக்குள்ள முகூர்த்தம். கண்டிப்பா வந்திருந்து நடத்திக் குடுக்கணும்.”

அலை என் காலைத் தொடவில்லை, பத்தடி தூரத்திலேயே திரும்பிக்கொண்டிருந்தது. கண்ணைத் திறந்தேன். தட்டில் வெற்றிலை, பாக்கு, பழம் இருந்தன. பத்திரிகை இல்லை. காற்றே இல்லை அந்த நேரத்தில். வேட்டி நுனிகூட ஆடவில்லை.

வண்டிக்கு வந்தேன். மீரான் பாய் தார்ச்சட்டியிலிருந்து நிமிர்ந்து, “அப்பாடா, மொறை செஞ்சுட்டீங்க. என்ன சொன்னாரு?” என்றார்.

“யாரு?”

“பத்திரிகையை வாங்கிக்கிட்டாரே, அவருதான்.”

ஆவணி 10, செவ்வாய்

விடிந்தும் விடியாமலும் கிளம்பிவிட்டேன். நூற்றிருபதில் பறந்தேன். இல்லை. ஐம்பது. அதற்கு மேல் போனால் கதவு ஆடும்.

உப்பளத்தில் நிறுத்த மனமில்லை. வெள்ளையம்மா சாலைக்கே ஓடிவந்து கையசைத்தாள். “முன்னாலயே போயிட்டாக அண்ணே! கல்யாணத்துக்குப் போற ஆளு, என்ன வேகமா நடக்கிறாக!” முகம் முழுக்கச் சந்தோஷம்.

பூமயில் கடைக்கு மத்தியானம் வந்தேன். நான் கேட்கவில்லை. அவளே சொன்னாள். “ஒரு மணி நேரம் இருக்கும்ணே. சலூன்ல சவரம் பண்ணிக்கிட்டு, சட்டையெல்லாம் தேச்சு… மாப்பிள்ளையாட்டம் இருந்தாக. ‘எங்க மச்சினன் முறையா வந்து வெச்சான்’னு எல்லார்கிட்டயும் காட்டுறாக பத்திரிகைய.”

“மனுஷன் நடந்து ஒரு நாள்ல அவ்வளவு தூரம் வர முடியுமாம்மா?”

“அதான் எனக்கும் ஆச்சரியம்” என்று சொல்லிவிட்டு வடைச்சட்டியைக் கவனிக்கப் போய்விட்டாள்.

மலேசியாவுக்கு அனுப்பவேண்டிய ஆள் என் வீட்டுக்கு நடந்துகொண்டிருக்கிறார். அவர் போய் வாசலில் நிற்பதற்கு முன்னால் நான் போய் அக்காவிடம் சொல்லிவிட வேண்டும். வேறு ஒன்றும் தோன்றவில்லை. டீயை அப்படியே வைத்துவிட்டுக் கிளம்புகிறேன். இதில் கூட்டல் குறைச்சல் இல்லை.

ஆவணி 11, புதன்

வழியில் வண்டி மக்கர் பண்ணி, ராத்திரி முழுக்க மெக்கானிக் கடை வாசலில் கிடந்துவிட்டுக் காலை ஏழு மணிக்கு வீடு வந்து சேர்ந்தேன். வாசலில் பந்தல்காரர்கள் வாழைமரம் கட்டிக்கொண்டிருந்தார்கள். வேறு யாரும் நிற்கவில்லை. எல்லாத் திசையிலும் பார்த்துக்கொண்டேன்.

அக்கா கொல்லையில் தனியாகத் தேங்காய் உரித்துக்கொண்டிருந்தாள். எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்தேன்.

“வாலே. எங்க அவிய?”

சொன்னேன். ஆஸ்பத்திரி, வராண்டா, கொள்ளி, கடல். சடங்கு அன்று வாசலில் நின்றது. பல், கால், காப்பி. அத்தான் கொடுத்தனுப்பியதாகச் சொன்ன தீபாவளிச் சேலைகள் நான் எடுத்தவை என்பது. எதையும் பெரிதாக்கவில்லை. சொல்லி முடிக்க ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. பதினோரு வருடத்தை அவ்வளவு சீக்கிரம் சொல்லிவிட முடிகிறது.

அக்கா தேங்காயைக் கீழே வைத்தாள். என் கன்னத்தில் ஓங்கி ஓர் அறை விட்டாள். பிறகு அதே கையால் தன் வாயைப் பொத்திக்கொண்டு, சத்தமில்லாமல், தோள் குலுங்கக் குலுங்க அழுதாள். பந்தல்காரர் ஒருவர் வந்து எட்டிப் பார்த்தார். “தூசி விழுந்துட்டு, நீங்க போங்க” என்றாள்.

அழுகை ஓய்ந்ததும் கேட்டாள். “இது வேற யாருக்குத் தெரியும்?”

“யாருக்கும் தெரியாதுக்கா.”

“சுபாவுக்கு?”

“தெரியாது.”

“இப்பச் சொன்னா நாளைக்கு நான் எம்புள்ள பக்கத்துல நிக்க முடியாதுலே. தாலிய எடுத்துக் குடுக்கிற தட்டைக்கூட என்னத் தொட விட மாட்டாவ.” முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். “நாளைக்கு ஒரு நாளு உன் பொய்யிலயே நின்னுக்கிடுதேன். வெள்ளிக்கிழம பார்த்துக்கிடலாம்.”

அப்புறம்தான் மீதியையும் சொன்னேன். கடற்கரையில் பத்திரிகை வைத்தது. வழியெல்லாம் கேட்டது. இதைத்தான் அவள் நம்பமாட்டாள், இன்னொரு அறை விழும் என்று எதிர்பார்த்தேன்.

“மொறையாவா வச்ச? வெத்தல பாக்கோட?”

“ஆமாக்கா.”

“வாங்கிட்டாவளா?”

“வாங்கிட்டாருன்னாங்க.”

அக்கா உரிக்காத தேங்காயை எடுத்தாள். “பெறவு என்ன? மொறையாக் கூப்பிட்ட ஆளை வராதேன்னா சொல்ல முடியும்? வந்தா எல போடணும்” என்றாள்.

ஆவணி 12, வியாழன்

முகூர்த்தம் நல்லபடியாக நடந்தது. மூவாயிரம் பேர் வந்தார்கள் என்று எழுதத்தான் கை போனது. முந்நூற்று இருபது இருக்கும்.

மாப்பிள்ளையின் பெரியப்பா, “பொண்ணுக்கு அப்பா எங்க அண்ணாச்சி?” என்றார். “வந்துக்கிட்டு இருக்காரு” என்றேன். பதினோரு வருடமாகச் சொன்ன பதில்தான். இன்று சொல்லிவிட்டு வாசலைத் திரும்பிப் பார்த்தேன்.

தாலி கட்டி முடிந்ததும் மேளக்காரர்களுக்குச் சோடா கொடுக்கப் போனேன். தவில்காரர் நல்ல கலகலப்பான ஆள். “அண்ணாச்சி, காலையில வர்ற வழியில, ரோடு பிரியுற விலக்குல ஒருத்தரை ஏத்திட்டு வந்தோம். பொண்ணுக்கு அப்பான்னாவ. பின்னால கடைசி நாற்காலில உட்கார்ந்து முழுசையும் பார்த்தாவ. முன்னால வாங்கன்னா கூச்சப்படுதாவ. கடைசிப் பந்தியில சாப்பிட்டுக்கிடுதேன்னுட்டாவ” என்றார்.

நான் கடைசி நாற்காலிப் பக்கம் திரும்பவில்லை. நேராக அக்காவிடம் போய்ச் சொன்னேன். மணமேடையில் சுபாவின் மாலையைச் சரிசெய்துகொண்டிருந்தவள் தலையை மட்டும் ஆட்டினாள்.

மூன்று மணிக்குக் கடைசிப் பந்தியும் எழுந்துவிட்டது. பரிமாறியவர்களை எல்லாம் வெளியே அனுப்பிவிட்டு, அக்கா ஒரு தலைவாழை இலையையும் தண்ணீர்ச் செம்பையும் எடுத்துக்கொண்டு சாப்பாட்டு அறைக்குள் போனாள். கதவைச் சாத்திக்கொண்டாள். நான் வெளியே நின்றேன்.

அக்காவின் குரல் மட்டும் கேட்டது. “இன்னும் கொஞ்சம் சோறு வைக்கட்டா?” பிறகு சும்மா இருந்தாள், பதில் வருகிற அளவுக்கு. “ரசம்?” மறுபடியும் அதே அளவு. “சுபா உங்க அம்மா ஜாடைதான். நானும் சொல்லுவேன்.” பிறகு வெகுநேரம் எதுவும் இல்லை. நான் கேட்ட வேறு குரல் எதுவும் இல்லை.

அக்கா வெளியே வந்தாள். முகம் கழுவியது போல இருந்தது.

“அன்னைக்கு ஒரு வார்த்த சொல்லாமப் போனாவலே. சண்டையில கோவிச்சுட்டுத்தான் போனாவன்னு பதினோரு வருசம் நெனச்சிட்டுக் கெடந்தேன்” என்றாள். “இன்னைக்குச் சொல்லிக்கிட்டாவ.”

“என்னக்கா சொன்னாரு?”

“அது உனக்கெதுக்கு? நீ அதையும் பெருசாக்கவா?” என்று சொல்லிவிட்டு, மகளை வழியனுப்ப நேரமாகிறது என்று வாசலுக்குப் போனாள்.

கதவு கொஞ்சம் திறந்திருந்தது. இரண்டு எட்டு வைத்திருந்தால் இலையைப் பார்த்திருக்கலாம், தின்றதா தின்னாததா என்று தெரிந்திருக்கும். அத்தானைப் பற்றி மூத்தவர், இளையவர் எல்லோரும் இனி என்னிடம்தான் கேட்பார்கள். நான் கதவை இழுத்துச் சாத்தினேன். உள்ளே என்ன இருந்தது என்று எனக்குத் தெரியாது.